நார்த்தங்காய்த் தோல், மரிக்கொழுந்து, மாங்காய்ப் பால்: ஹாப்ஸ் பொட்டலங்களோடு நான்கு நாள்

முதல் நாள், தருமபுரி

விடியும் முன்பே தருமபுரி பஸ் நிலையத்தில் இறங்கிவிட்டேன். தோளில் ஒரு ஐஸ் பெட்டி. தடுப்பூசி மருந்து கொண்டுபோவார்களே, அந்த மாதிரி. உள்ளே ஐந்து அலுமினியப் பொட்டலங்கள். ஆறாவது பொட்டலத்தை மட்டும் வேண்டுமென்றே வெளியே, துணிப்பையில் வைத்திருக்கிறேன். ஆறிலும் இருப்பது பீரில் போடும் ஹாப்ஸ்.

பெங்களூரில் ஒரு சிறிய பீர் ஆலைக்கு மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட் எல்லாம் வாங்கிச் சேர்ப்பது ஒன்பது ஆண்டுகளாக என் வேலை. மால்ட் எனக்குக் கடினமாக இருந்ததில்லை. அது முளைகட்டி உலர்த்திய தானியம், நம் கைக்குப் பழகிய பொருள். ஹாப்ஸ் அப்படி இல்லை. விற்பவர்கள் அனுப்பும் தாளில் கேஸ்கேடு என்ற வகைக்கு எதிரே ‘கிரேப்ஃப்ரூட்’ என்று இருக்கும், சிம்கோவுக்கு எதிரே ‘பைன்’ என்று இருக்கும். நானும் அவற்றை அப்படியே எங்கள் பலகையில் எழுதி, ஊழியர்களுக்கும் சொல்லிக் கொடுத்து வந்தேன். இந்த ஆண்டு எனக்கு அது பொறுக்கவில்லை. அடுத்த ஆண்டுக்கான ஆர்டரை எழுதும் முன்பு, பூவை வைத்தே பிழைக்கும் மனிதர்களிடம் இந்தப் பொட்டலங்களைப் பிரித்துக் காட்டிவிட வேண்டும் என்று கிளம்பினேன். தருமபுரி என் அத்தை ஊர். அங்கிருந்து ஓசூர் வரை வழியெல்லாம் பூதான்.

ஹாப்ஸும் பூதான். அது ஒரு கொடி. ஆண் கொடி தனி, பெண் கொடி தனி. பெண் கொடியின் பூ, கட்டைவிரல் அளவில், பச்சைக் காகிதத்தைச் செதில் செதிலாக ஒட்டிச் செய்த சிறு கூம்பு போல இருக்கும். செதிலின் அடியில் ஒட்டியிருக்கும் மஞ்சள் பொடிக்கு லூபுலின் என்று பெயர். பீருக்குக் கசப்பு தருவது அந்தப் பொடி. வாசனையில் பெரும் பகுதியும் அதிலிருந்தே வருகிறது. மால்ட் சாறு கொதிக்கத் தொடங்கும்போதே ஹாப்ஸைப் போட்டால் அதிலுள்ள ஆல்ஃபா அமிலம் உருமாறிக் கசப்பாகக் கரையும், வாசனை எண்ணெய் ஆவியோடு போய்விடும். கொதி அடங்கும் நேரத்தில் போட்டால் வாசனை கொஞ்சம் தங்கும். நொதித்து ஆறிய பிறகு ஊறப்போட்டால் கசப்பு அதிகம் ஏறாமல் வாசனை முழுதாக இறங்கும். ரசத்தில் பெருங்காயம் எப்போது, கொத்தமல்லித் தழை எப்போது என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பூ மார்க்கெட்டில் குண்டுமல்லி மூட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சம்பங்கி, கனகாம்பரம், மரிக்கொழுந்துக் கட்டு என்று வரிசையாக. முப்பது ஆண்டுகளாக அங்கே கடை வைத்திருக்கும் ஓர் அக்காவிடம் கேஸ்கேடு பொட்டலத்தைப் பிரித்து நீட்டினேன். பச்சை நிறத்தில், மாட்டுத் தீவனக் குச்சி போலச் சிறு உருளைகள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு உருளைகளை உள்ளங்கையில் போட்டு, இன்னொரு கையால் அழுத்தித் தேய்த்து, சூடு ஏறியதும் இரண்டு கைகளையும் குவித்து மூக்கருகே வைத்தார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அமெரிக்காவின் யக்கிமாவிலும் ஜெர்மனியின் பவேரியாவிலும் ஹாப்ஸ் வாங்குபவர்கள் செய்வது இதே தேய்ப்புதான். அவர்கள் மாதக்கணக்கில் பழகும் கை அசைவு இவருக்குத் தொழிலாகவே இருக்கிறது.

“நார்த்தங்காய்த் தோல்” என்றார். “உள்ளே இருக்கும் வெள்ளைச் சதையும் சேர்ந்து.”

கிரேப்ஃப்ரூட் என்று ஒன்பது ஆண்டுகளாக நான் எழுதி வந்தது இதைத்தான். வெள்ளைச் சதையின் கசப்பு வாசம் வரை அவர் சொல்லிவிட்டார். என் தாளில் அது இல்லை.

பிறகு துணிப்பையிலிருந்து ஆறாவது பொட்டலத்தைக் கொடுத்தேன். அதுவும் கேஸ்கேடு, அதே ஆண்டு அறுவடை. போன மே மாதம் ஒரு விநியோகஸ்தர் குளிர்வசதி இல்லாத லாரியில் அனுப்பி, அது மூன்று நாள் வெயிலில் நின்று எங்களிடம் வந்தது. வந்த பெட்டிகளில் சில பொட்டலங்களின் ஒட்டும் விட்டிருந்தது. நான் அவசரத்தில் முகர்ந்து பார்க்காமல் ஒரு தொட்டிக்குப் போட அனுமதித்தேன். ஆயிரம் லிட்டர் பீரைக் கீழே ஊற்றினோம். அந்த அக்கா அதைத் தேய்த்ததும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். “ஈரத்தோடு கட்டி வைத்த சாக்கு. இதைக் காசு கொடுத்தா வாங்கினீர்கள்?”

இரவு அத்தை வீடு. களியும் கீரைக் கடைசலும். என்ன பொட்டலம் என்று கேட்டார், சொன்னேன். பீருக்கு என்றதும் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். மாமா குடியால்தான் போனார். அதியமான் அவ்வைக்குக் கள் ஊற்றிக் கொடுத்த தகடூர் இது என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் அத்தையின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்தக் கதையைச் சொல்ல எனக்கு வாய் வராது. ஐஸ் பெட்டியை வெளியே வைக்கட்டுமா என்று கேட்டேன். “பூ என்கிறாய், வெயில் ஆகாது என்கிறாய். உள்ளேயே வை” என்று தன் குளிர்பதனப் பெட்டியில் இடம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

இரண்டாம் நாள், இராயக்கோட்டை

பாலக்கோடு, மாரண்டஅள்ளி வழியாக ரயிலில் இராயக்கோட்டை. மாரண்டஅள்ளி தாண்டியதும் மலை நெருங்கி வந்து காற்றில் ஒரு குளிர்ச்சி ஏறுகிறது. பகலெல்லாம் தக்காளி மண்டியைச் சுற்றினேன். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. நான் வந்தது இரவுக்காக.

இரவு பத்து மணிக்கு, ஊருக்கு வெளியே ஒரு சரிவில், ஒன்றரை ஏக்கர் சாமந்தி வயல் முழுவதும் ஒரே நேரத்தில் விளக்கு எரிந்தது. செடி முழங்கால் உயரம்கூட இல்லை. ஆள் உயரத்தில் கம்பி இழுத்து, எட்டடிக்கு ஒன்றாகச் சின்ன எல்இடி பல்புகள். தெரியாமல் பார்ப்பவர்கள் கோயில் விசேஷம் என்று நினைப்பார்கள்.

வயல்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். “எதற்கு அண்ணா விளக்கு?” என்று தெரிந்துகொண்டே கேட்டேன், அவர் வாயால் கேட்க வேண்டும் என்றிருந்தது.

“சாமந்திக்கு இருட்டு நீளமாக இருந்தால் மொட்டு வந்துவிடும் அம்மா. செடி ஒரு சாண் இருக்கும்போதே மொட்டு வைத்தால் என்ன கிடைக்கும்? இரண்டு பூ. அதனால் நடுராத்திரியை வெட்டுகிறோம். இரண்டு மணி வரை எரியும். செடி ஏமாந்து வளர்ந்துகொண்டே போகும். போதும் என்று தோன்றுகிற அன்று விளக்கை நிறுத்தினால், அப்புறம் இரண்டு மாதத்தில் பூ.”

ராத்திரியை வெட்டுகிறோம். இந்த வாக்கியத்தை நான் விடப்போவதில்லை.

ஹாப்ஸ் ஏன் நம் பக்கம் விளைவதில்லை என்று கேட்பவர்களுக்கு நான் இதுவரை ‘குளிர் போதாது’ என்று ஒரு வரியில் பதில் சொல்லி வந்தேன். அது அரைகுறைப் பதில். ஹாப்ஸ் கொடியும் சாமந்தியைப் போல நீண்ட இருட்டைக் கண்டு பூக்கிற இனம். உலகத்தின் ஹாப்ஸ் தோட்டங்கள் பெரும்பாலும் 35 முதல் 55 டிகிரி அட்சரேகைக்குள் இருக்கின்றன. ஜெர்மனியின் ஹாலர்டாவ் பகுதியில் இந்த ஜூன் மாதத்தில் பகல் 16 மணி நேரம். கொடி அந்த வெளிச்சத்தில் பூவை மறந்து, நல்ல நாளில் 30 சென்டிமீட்டர் வரைகூட வளர்ந்து, ஏழு மீட்டர் உயரக் கம்பியின் உச்சியைத் தொடுகிறது. ஜூன் கடைசியில் பகல் குறையத் தொடங்குகிறது. ஆடி பிறக்கும்போது கொடி பூக்கத் தொடங்குகிறது. கிருஷ்ணகிரியில் ஆண்டின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தைத் தொடாது. இங்கே நட்டால் கொடி இடுப்பு உயரம் வருவதற்குள்ளேயே பூ வைத்துவிடும், அதுவும் கைப்பிடி அளவு. குளிர்கால உறக்கம் இல்லாமல் ஹாப்ஸ் பூக்காது என்று நெடுங்காலம் நம்பினார்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் செய்து 2019-இல் வெளியான ஆய்வு, அது கட்டாயமில்லை, வெளிச்சக் கணக்குதான் முக்கியம் என்று காட்டியது. பிரேசிலில் இப்போது இதே மாதிரி விளக்குப் போட்டு ஹாப்ஸ் வளர்க்கிறார்கள். ஆண்டுக்கு இரண்டு அறுவடைகூட எடுக்கிறார்கள்.

இதைச் சொன்னபோது அவர் பல்புகளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டவை எல்லாம் தொழில்காரர் கேட்கும் கேள்விகள். கம்பி எத்தனை அடி? ஏழு மீட்டர் என்றால் எங்கள் காற்றுக்கு நிற்குமா? கொடி எத்தனை வருடம் இருக்கும்? முழு விளைச்சலுக்கு மூன்றாவது ஆண்டு ஆகும், பிறகு பதினைந்து இருபது ஆண்டுகள்கூட நிற்கும் என்றேன். கிழங்கு கிடைக்குமா என்றார். வெளிநாட்டிலிருந்து உயிருள்ள வேர் கொண்டுவர தாவரத் தனிமைப்படுத்தல் அனுமதி வேண்டும். ஆனால் இமாச்சலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் 1970-களிலிருந்து ஹாப்ஸ் பயிராகிறது. ஒரு காலத்தில் நம் பீர் ஆலைகளுக்கு அங்கிருந்து போனது. மலிவான இறக்குமதி வந்த பிறகு அங்கே பலர் பட்டாணிக்கும் காலிஃபிளவருக்கும் மாறிவிட்டார்கள். எங்கள் ஆலை உட்பட யாரும் அவர்களைத் தேடிப் போகவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

வயல்காரரின் அம்மா வரப்பில் உட்கார்ந்திருந்தார். செக் நாட்டு ஹாப்ஸான சாஸ் என்ற வகையை அவர் கையில் கொடுத்தேன். ஜாடெட்ஸ் ஊரைச் சுற்றி நூற்றாண்டுகளாக விளைவது. அந்த நிலப்பரப்பை 2023-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தாளில் ‘மூலிகை, மசாலா’ என்று இருக்கும். என்ன மூலிகை, எந்த மசாலா என்று யாரும் சொன்னதில்லை. பாட்டி தேய்த்தார். “காய்ந்த மரிக்கொழுந்து. தலையில் வைத்து, மறுநாள் காலையில் எடுத்தது. கூடக் கொஞ்சம் மிளகு.”

மறுநாள் காலையில் எடுத்தது! இதைவிடத் துல்லியமாக சாஸ் ஹாப்ஸை யாராலும் சொல்ல முடியாது என்று நம்புகிறேன்.

மூன்றாம் நாள், ஓசூர்

ரோஜாப் பண்ணைக்காரர்கள் உள்ளே விடுவார்களோ என்ற தயக்கம் இருந்தது. தூரத்து உறவினர் ஒருவர் ஒரு பண்ணையின் பேக்கிங் பிரிவில் மேற்பார்வையாளர், அவர் கூட்டிப்போனார். பசுமைக் குடிலில் அதிகாலை வெட்டிய தாஜ்மஹால் ரோஜா வாளித் தண்ணீரோடு நேராகக் குளிர் அறைக்குப் போகிறது. உள்ளே 3 டிகிரி. தரம் பிரிப்பதும் கட்டுவதும் குளிரிலேயே. அங்கிருந்து குளிர்சாதன வண்டி, பெங்களூர் விமான நிலையம். “எங்கேயாவது ஒரு மணி நேரம் வெயிலில் நின்றால் எனக்குத் தெரிந்துவிடும். இங்கே தெரியாது, போய்ச் சேர்ந்த ஊரில் மூன்றாம் நாள் தலை தொங்கும்” என்றார். பெட்டிக்குள் வெப்பநிலையைப் பதிவு செய்யும் சிறு கருவி ஒன்றையும் வைத்து அனுப்புகிறார்கள். விரல் நீளம்தான் இருக்கிறது.

நான் அந்தக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஹாப்ஸ் வடக்கு உலகத்தில் ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் முழுக்க, ஆண்டுக்கு ஒரே முறை அறுவடையாகிறது. பறித்த பூவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். உடனே சூடான காற்றில் உலர்த்தி, ஈரத்தைப் பத்து சதவீத அளவுக்குக் கொண்டு வந்து, பொடித்து அழுத்தி உருளையாக்குகிறார்கள். டி-90 என்று பெட்டியில் போட்டிருக்கும். நூறு கிலோ உலர்ந்த பூவிலிருந்து தொண்ணூறு கிலோ உருளை என்ற கணக்கில் வந்த பெயர். காற்றை எடுத்து, நைட்ரஜன் நிரப்பி, ஐந்து கிலோ அலுமினியப் பைகளில் அடைத்து உறைகுளிர் கிடங்கில் வைக்கிறார்கள். இவ்வளவும் செய்வது இரண்டு எதிரிகளுக்காக: காற்று, சூடு. இரண்டில் ஒன்று புகுந்தாலும் ஆல்ஃபா அமிலம் சிதைந்து, பழைய பாலாடைக்கட்டி வாசம் வரும். எல்லா வகையும் ஒரே வேகத்தில் கெடாது. கேஸ்கேடு சீக்கிரம் சோர்ந்துவிடும். லாஹௌலில் போட்ட கிளஸ்டர் என்ற வகை நீண்ட நாள் தாங்கும். ஏழு கடல் தாண்டி வரும் பொருளைக் கடைசி முந்நூறு கிலோமீட்டரில் வெயிலில் நிறுத்திவிடுகிறோம். ரோஜாவுக்குச் செய்வதை ஹாப்ஸுக்குச் செய்யுமாறு நான் ஒரு முறைகூட எழுத்தில் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அந்த ஆயிரம் லிட்டர் வீணாகியிருக்காது.

இன்னொன்றும் இங்கே தெரிந்தது. இந்த ரோஜா வகைகளில் பல, உருவாக்கியவருக்கு உரிமைத் தொகை கட்டி நடப்பவை. ஹாப்ஸிலும் அப்படித்தான். கேஸ்கேடு 1972-இல் அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஆராய்ச்சியில் வெளியானது. யார் வேண்டுமானாலும் நடலாம். சிட்ரா 2008-இல் சந்தைக்கு வந்த தனியார் வகை. உரிமம் பெற்ற தோட்டங்கள் மட்டுமே வளர்க்கலாம். பெயர் பெற்ற வகைக்குக் கொடுக்கும் விலையில் ஒரு பங்கு அந்தப் பெயருக்குப் போகிறது.

சிம்கோவை மேற்பார்வையாளர் தேய்த்தார். அந்தக் குளிரில் வாசம் எழவே இல்லை. வெளியே வந்துதான் சொன்னார். “குங்கிலியம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது கூடப் போடுவோமே.” பைன் மரத்தை நான் முதலில் பார்த்தது கொடைக்கானலில், இருபது வயதில். குங்கிலியப் புகையில் பிறந்து வளர்ந்தேன்.

நான்காம் நாள், கிருஷ்ணகிரி

மாங்காய் உச்சம். சாலை இரு பக்கமும் பெங்களூரா வகை மாங்காய்க் குவியல். கூழ் ஆலைகளுக்கு முன்னால் டிராக்டர்கள் வரிசையாக நிற்கின்றன. விவசாயிகள் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. விளைச்சல் அதிகம், விலை கீழே. ஒரு மண்டிக்காரரோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பெங்களூராவில் பெரும் பகுதி கூழாகித் தகர டப்பாவில் கப்பலேறுகிறது. ஆலை முன்கூட்டியே விலை பேசுவதில்லை. பேசினாலும் சில நேரம் நிற்பதில்லை. விவசாயியும் விலை ஏறினால் வேறு இடத்துக்கு ஓட்டிவிடுகிறார். “எழுதி வைக்காத பேச்சு” என்றார்.

ஹாப்ஸில் எழுதி வைக்கிறார்கள். பெரிய ஆலைகள் மூன்று, ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, இன்னும் நடாத பயிருக்குக்கூட அளவும் விலையும் பேசிக் கையெழுத்திடுகின்றன. அந்தக் காகிதத்தை நம்பித்தான் விவசாயி கம்பமும் கம்பியும் நடுகிறார். கையெழுத்திடாதவர்கள் மிச்சத்தை அன்றைய விலைக்கு வாங்க வேண்டும். மிச்சம் எப்போதும் இருக்கும் என்று நம்பி 2007-இல் உலகம் முழுவதும் சிறிய ஆலைகள் தவித்தன. அதற்கு முன்பு பல ஆண்டுகள் விலை விழுந்து, விவசாயிகள் கொடியைப் பிடுங்கியிருந்தார்கள். 2006 அக்டோபரில் யக்கிமாவில் பெரிய கிடங்கு ஒன்று எரிந்தது. ஐரோப்பாவில் விளைச்சல் குறைந்தது. 2008-இல் அமெரிக்காவின் பாஸ்டன் பீர் நிறுவனம் தன் கையிருப்பிலிருந்து 20,000 பவுண்டு எடை ஹாப்ஸைச் சிறிய ஆலைகளுக்கு அடக்க விலைக்குக் கொடுத்தது. போட்டியாளர்களுக்குக் கொடுத்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

கையெழுத்திட்டவர்களுக்கும் கஷ்டம் உண்டு. சமீப ஆண்டுகளில் பீர் விற்பனை எதிர்பார்த்தபடி வளரவில்லை. ஒப்பந்தம் போட்ட ஹாப்ஸ் கிடங்கில் தேங்கியது. அமெரிக்காவில் 2023-இலும் 2024-இலும் பரப்பைக் குறைத்தார்கள். மண்டிக்காரர் சிரிக்காமல் கேட்டார். “அங்கேயும் இதே கதைதானா?”

எங்கள் அளவு சிறியது. ஆயிரம் லிட்டர் கோதுமை பீருக்கு ஒரு கிலோ ஹாப்ஸ் போதும். ஹாப்ஸ் தூக்கலான ஐபிஏ என்ற பீருக்கு, அதே அளவுக்குப் பத்து கிலோ வரை போகும். இந்தியாவில் இறக்குமதியாளர் பிரித்துக் கொடுப்பதை வாங்குகிறோம். பன்னிரண்டு வகை வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பையைப் பிரித்து, பாதியை மாதக்கணக்கில் வைத்திருந்திருக்கிறேன். அது தவறு.

கடைசியாக சிட்ரா. தாளில் ‘மாம்பழம், லிச்சி’. மாம்பழத்தையே அறிந்தவர் கையில் கொடுத்தேன். தேய்த்தார், முகர்ந்தார், மறுபடி தேய்த்தார். தலையை ஆட்டினார். “பழம் இல்லை. காம்பு கிள்ளும்போது பீய்ச்சி அடிக்குமே பால், அது.” பக்கத்துக் குவியலிலிருந்து ஒரு காயை எடுத்துக் காம்பைக் கிள்ளிக் காட்டினார். ஒரு துளி என் மணிக்கட்டில் விழுந்தது. ஒரு கையில் மாங்காய்ப் பால், மறு கையில் சிட்ரா. மிர்சீன் என்ற எண்ணெய் இரண்டிலும் உண்டு என்று ஒன்பது ஆண்டுகளாகப் படித்திருக்கிறேன். மூக்கு அதை அறிந்தது இன்றைக்குத்தான்.

பெங்களூர் பஸ்ஸில் உட்கார்ந்து ஆர்டரை எழுதினேன். பன்னிரண்டுக்குப் பதில் நான்கு வகை. கேஸ்கேடும் சாஸும் இரண்டாண்டு ஒப்பந்தத்தில், இறக்குமதியாளர் வழியாக. விலை விழுந்தாலும் நாங்கள் பின்வாங்க மாட்டோம் என்ற வரியோடு. சிட்ராவும் சிம்கோவும் தேவைக்கு மட்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் அறுவடை ஆண்டு, அடைத்த தேதி, ஆல்ஃபா அளவு. பெட்டிக்குள் வெப்பநிலைக் கருவி. பணம் கட்டும் முன்பு நூறு கிராம் மாதிரி. லாஹௌல் விவசாயிகளுக்குத் தனிக் கடிதம் ஒன்று பாதி எழுதியிருக்கிறேன். ஆலைப் பலகையில் நார்த்தங்காய்த் தோல், மரிக்கொழுந்து, குங்கிலியம், மாங்காய்ப் பால் என்று நாளை எழுதுவேன்.

சூளகிரி தாண்டும்போது இராயக்கோட்டை வயல்காரர் போன் செய்தார். செடி போதுமான உயரம் வந்துவிட்டதாம். இன்று இரவிலிருந்து விளக்கு கிடையாது, ஆவணியில் பூ.